ஒரு கார் செய்ய எத்தனை மணி நேரம்? முதல்ல எந்தக் கடிகாரம்னு கேளுங்க

"எங்க ஃபேக்டரில நிமிஷத்துக்கு ஒரு கார் வெளிய வருது"ன்னு ஒரு கம்பெனி சொல்லும். "நாங்க ஒரு காரை 10 மணி நேரத்துல முடிக்கப் போறோம்"னு இன்னொரு கம்பெனி சொல்லும். "நம்ம பிளான்ட்ல ஒரு காருக்கு 30 மணி நேரம் ஆகுது, இப்படியே போனா தாங்காது"ன்னு மூணாவது கம்பெனியோட தலைவரே தன் ஆளுங்ககிட்ட சொல்லுவார். இந்த மூணு செய்தியையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிக்கறவங்க, நிமிஷத்துக்கு ஒண்ணு செய்றவன் கில்லாடி, 30 மணி நேரம் எடுக்கறவன் சோம்பேறின்னு உடனே முடிவு கட்டிடுறாங்க. ஆனா பாருங்க, இந்த மூணு நம்பரும் ஒரே ஃபேக்டரிக்குக்கூட பொருந்தும். ஏன்னா மூணும் மூணு வேற கடிகாரம். இதப் புரிஞ்சுகிட்டாதான் கார் கம்பெனிகளுக்குள்ள நூறு வருஷத்துக்கு மேல நடக்கற இந்த நேரப் போட்டி என்னன்னே புரியும், அதனால அதுலருந்தே ஆரம்பிக்கிறேன்.

கார் வரிசையா நகர்ந்துகிட்டே உருவாகற லைன் முடியற இடத்துலதான் முதல் கடிகாரம் இருக்கு. ஒரு கார் ரெடியாகி வெளிய உருண்டு போச்சு, அடுத்தது எத்தனை செகண்ட் கழிச்சு வருதுங்கறதுதான் கணக்கு. இதுக்கு டாக்ட் டைம்னு பேர். ஒரு ஷிஃப்ட் 8 மணி நேரம்னு வச்சுக்கோங்க, இடைவேளை அரை மணி நேரம் போனா மிச்சம் 450 நிமிஷம், அன்னைக்கு 450 கார் வேணும்னா நிமிஷத்துக்கு ஒண்ணு வந்தாகணும். அவ்வளவுதான் விஷயம். கார் எவ்வளவு சீக்கிரம் உருவாகுதுன்னு இது சொல்லவே சொல்லாது, எத்தனை கார் தேவைங்கறதைத்தான் சொல்லும். ஒரு தண்ணிக் குழாய்லருந்து நிமிஷத்துக்கு ஒரு குடம் வருதுன்னா, அந்தத் தண்ணி டேங்க்ல இருந்து கிளம்பி ஒரு நிமிஷம்தான் ஆச்சுன்னு அர்த்தமா என்ன?

ரெண்டாவது கடிகாரம் காரோடவே போகுது. தகடு வெட்டி, அழுத்தி, வெல்டிங் பண்ணி, பெயிண்ட் அடிச்சு, எல்லாம் மாட்டி, டெஸ்ட் பண்ணி அந்த ஒரு கார் வெளிய வர்ற வரைக்கும் மொத்தமா எவ்வளவு நேரம் ஓடுச்சுங்கறது. இது சாதாரணமா ஒரு நாள் முன்னபின்ன ஆகும், அதுலயும் பெயிண்ட் ஷாப் மட்டுமே பெரிய பங்கை எடுத்துக்கும், ஏன்னா பாடியை முக்கி எடுக்கணும், அடுப்புல காய வைக்கணும், மேல இன்னொரு கோட், மறுபடி அடுப்பு. அங்க நீங்க எத்தனை ஆள் போட்டாலும் பெயிண்ட் காயற நேரத்துலதான் காயும்.

மூணாவது கடிகாரம்தான் கம்பெனிக்காரங்க ராத்திரி தூக்கம் கெட்டு யோசிக்கறது. ஒரு காருக்கு எத்தனை மனுஷ மணி நேரம் செலவாச்சு? ஒரு பிளான்ட்ல ரெண்டு ஷிஃப்ட்லயும் சேத்து 2000 பேர், ஆளுக்கு 8 மணி நேரம், மொத்தம் 16,000 மணி நேரம். அன்னைக்கு 800 கார் வந்துச்சுன்னா காருக்கு 20 மணி நேரம். இந்தப் பிளான்ட்ல லைன் முடியற இடத்துல நிமிஷத்துக்கு ஒரு கார் வந்துகிட்டேகூட இருக்கலாம், ஒவ்வொரு காரும் உள்ள ஒரு நாள் பூரா கழிச்சுட்டு வந்திருக்கலாம், செலவான உழைப்பு 20 மணி நேரமா இருக்கலாம். மூணுமே உண்மை. போட்டிக் கம்பெனிகளை ஒப்பிடும்போது பேசறது பெரும்பாலும் இந்த மூணாவதைத்தான். ஆனா செய்தில வரும்போது எந்தக் கடிகாரம்னு சொல்லாமலே விட்டுடுவாங்க.

இப்ப கதைக்கு வருவோம், 1913, அமெரிக்காவுல டெட்ராய்ட் பக்கத்துல ஹைலேண்ட் பார்க், ஃபோர்டு ஃபேக்டரி. எல்லாரும் சொல்ற கதை தெரியும், மூவிங் அசெம்பிளி லைன் வந்துச்சு, கார் 93 நிமிஷத்துல ரெடியாச்சுன்னு. அது பாதிதான் சரி. 93 நிமிஷங்கறது முழு காருக்கு இல்ல, சேஸிஸை, அதாவது காரோட அடிச்சட்டத்தை, கோர்க்கற வேலைக்கு மட்டும். இன்ஜின் செய்றது, பாடி செய்றது எல்லாம் அந்தக் கணக்குல இல்ல. ஆனா அதுக்காக சாதனை சின்னதாயிடாது, ஏன்னா அதே வேலைக்கு முன்னாடி ஆனது 12 மணி 28 நிமிஷம்.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது சேஸிஸ் கதைகூட இல்ல, அதுக்கு முன்னாடி நடந்த மேக்னெட்டோ கதைதான். மேக்னெட்டோன்னா இன்ஜினுக்குத் தேவையான மின்பொறியை உண்டாக்கற பாகம், மாடல் டி கார்ல ஃப்ளைவீலோட சேந்து வரும். ஒருத்தர் முழுசா உக்காந்து செஞ்சா ஒண்ணுக்கு 20 நிமிஷம் ஆகும். அதை 29 சின்னச் சின்ன வேலையா பிரிச்சு, 29 பேரை வரிசையா நிறுத்தி, ஒவ்வொருத்தரும் தன் பங்கை முடிச்சுட்டு அடுத்தவங்ககிட்ட தள்ளி விடற மாதிரி மாத்தினாங்க. மொத்த உழைப்பு 13 நிமிஷம் 10 செகண்டுக்கு இறங்குச்சு. நல்ல முன்னேற்றம்தான், ஆனா அடுத்து செஞ்சதைக் கவனிங்க. 1914ல அந்த லைனோட உயரத்தை 8 இன்ச் தூக்கினாங்க. ஆளை மாத்தல, மெஷினை மாத்தல, ஸ்பீடா பண்ணுன்னு கத்தலை, வெறும் 8 இன்ச். நேரம் 7 நிமிஷம் ஆயிடுச்சு. அதுக்கப்பறம் லைன் நகர்ற வேகத்தை அங்க இங்க சரி பண்ணி 5 நிமிஷத்துக்கு வந்துச்சு.

8 இன்ச்ல எப்படி கிட்டத்தட்ட பாதி நேரம் போச்சுன்னா, அதுவரைக்கும் ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு தடவையும் குனிஞ்சு நிமிந்துகிட்டிருந்தாங்க. குனியறது ஒரு வேலை இல்ல, அதனால கார்ல எதுவும் கூடப்போறதில்ல, ஆனா நேரம் போகுது, இடுப்பும் போகுது. பின்னாடி சேஸிஸ் லைனையும் இதே மாதிரி இடுப்பு உயரத்துக்குக் கொண்டு வந்தாங்க, அதுலயும் ஒரு லைன் தரையிலருந்து 26.75 இன்ச், இன்னொண்ணு 24.5 இன்ச், உயரமான ஆளுங்களுக்கு ஒண்ணு, குள்ளமான ஆளுங்களுக்கு ஒண்ணு. இந்தக் கட்டுரைல ஒரே ஒரு விஷயம் ஞாபகம் வச்சுக்கணும்னா இதை வச்சுக்கோங்க. நேரம் குறையறது கை வேகமா ஓடறதால இல்ல. குனியறது, நடக்கறது, தேடறது, காத்திருக்கறது, செஞ்சதையே திரும்பச் செய்றது, இதெல்லாம் காணாமப் போறதாலதான்.

சேஸிஸ் விஷயத்துலயும் படிப்படியாதான் வந்தாங்க. முதல்ல ஒரு கயிறைக் கட்டி சேஸிஸை 250 அடி தூரத்துக்கு மெதுவா இழுத்துகிட்டே போனாங்க, கூடவே ஆறு பேர் நடந்தாங்க, வழியெல்லாம் பாகங்களைக் குவிச்சு வச்சிருந்தாங்க, போறபோக்குல எடுத்து மாட்டினாங்க. இந்த எளிமையான வேலையிலயே 12 மணி 28 நிமிஷம் 5 மணி 50 நிமிஷமா ஆயிடுச்சு. அப்பறம் உயரத்தை சரிபண்ணி, வேலையை இன்னும் நுணுக்கமா பிரிச்சு 93 நிமிஷம்.

மத்த கம்பெனிகளோட நிலைமை என்னாச்சு? 1914ல ஃபோர்டுல சுமார் 13,000 பேர் வேலை பாத்து ரெண்டரை லட்சத்துக்கு மேல கார் செஞ்சாங்க. மிச்சம் இருந்த கிட்டத்தட்ட 300 அமெரிக்கக் கம்பெனிகளும் சேந்து சுமார் 66,000 பேரை வச்சுகிட்டு ஏறக்குறைய அதே அளவுதான் செய்ய முடிஞ்சுது. அஞ்சு பேர் வேலையை ஒருத்தர் பண்ற மாதிரி. மாடல் டி விலை 1908ல 850 டாலர், 1920கள் நடுவுல 300 டாலருக்கும் கீழ.

ஆனா இதுக்கு ஒரு விலை இருந்துச்சு, அதைச் சொல்லாம இந்தக் கதையை முடிக்கக் கூடாது. நாள் பூரா ஒரே போல்ட், ஒரே நட். ஆளுங்க ஓடிப் போனாங்க. 1913ல ஃபோர்டுல வேலையை விட்டுப் போனவங்க விகிதம் 370 சதவீதம், அதாவது ஒரு இடத்துல ஒரு ஆளை நிறுத்தி வைக்க வருஷத்துக்கு மூணு நாலு ஆளை எடுக்க வேண்டியிருந்துச்சு. அதைத் தடுக்கத்தான் 1914 ஜனவரில ஒரு நாளைக்கு 5 டாலர்னு அறிவிச்சாங்க, அதுவரை கொடுத்ததுல கிட்டத்தட்ட ரெட்டிப்பு. நேரத்தைக் குறைக்கறதுன்னாலே அதுல ஒரு மனுஷன் உடம்பும் மனசும் சம்பந்தப்பட்டிருக்குங்கறது முதல் வருஷத்துலயே தெரிஞ்சு போச்சு.

அப்பறம் பெயிண்ட். 1914ல இருந்து 1925 வரைக்கும் மாடல் டி கருப்பு கலர்ல மட்டும்தான் வந்துச்சு, ஒரே கலர்னா லைன்ல எதுவும் மாத்த வேண்டியதில்ல. கலர் கலரா அடிச்ச மத்த கம்பெனிகளுக்கு பெயிண்ட் காயவே வாரக்கணக்குல ஆச்சு, பாடிகளை அடுக்கி வைக்கவே பெரிய பெரிய கொட்டகை வேணும். 1920கள்ல டியூபான்ட் கம்பெனியோட டூகோ லாக்கர் வந்தப்பதான் அது உடைஞ்சுது, சீக்கிரம் காயும், கலரும் இருக்கும், ஜெனரல் மோட்டார்ஸ் (சுருக்கமா ஜிஎம்) அதைப் புடிச்சுகிட்டாங்க. ஒரு கம்பெனி வேகத்துக்காக விட்டுக்கொடுத்த ஒண்ணை, இன்னொரு கம்பெனி புது டெக்னாலஜி வச்சு விட்டுக்கொடுக்காமலே வேகமா பண்ணிடும். இந்த மாதிரி திருப்பம் இந்தப் போட்டில திரும்பத் திரும்ப வரும்.

அடுத்த பெரிய திருப்பம் ஜப்பான்ல. போர் முடிஞ்ச காலம், டொயோட்டா ரொம்ப சின்ன கம்பெனி. 1950ல அந்தக் கம்பெனி குடும்பத்தைச் சேந்த எய்ஜி டொயோடா ஃபோர்டோட ரூஜ் பிளான்ட்டுக்குப் போய்ப் பாத்துட்டு வந்தார். அங்க பாத்ததை அப்படியே ஜப்பான்ல செய்ய முடியாதுன்னு அவருக்கும் டொயோட்டா இன்ஜினியர் தாய்ச்சி ஓனோவுக்கும் தெரிஞ்சுது. ஏன்னா அமெரிக்காவுல ஒரு பிரஸ் மெஷின்ல ஒரே பாகத்தை மாசக்கணக்குல அடிச்சுகிட்டே இருக்கலாம், அவ்வளவு கார் விக்கும். டொயோட்டாவுக்கு கொஞ்சம் இது, கொஞ்சம் அதுன்னு அடிக்கணும். பிரஸ்ல தகட்டுக்கு வடிவம் கொடுக்கற அச்சுக்கு டைன்னு பேர், டன் கணக்குல எடை, அதைக் கழட்டி அடுத்த டையை மாட்டி சரியா உக்கார வைக்க அப்பல்லாம் ஒரு நாள்கூட ஆகும். அந்த நேரம் முழுக்க மெஷின் சும்மா நிக்கும்.

ஓனோவும், ஷிகேயோ ஷிங்கோங்கற இன்ஜினியரும் வருஷக்கணக்கா இதுக்குள்ளயே உக்காந்தாங்க. அவங்க கண்டுபிடிச்சது கேக்க சாதாரணமா இருக்கும். டை மாத்தற வேலையில ஒரு பகுதியை மெஷின் நின்னாதான் பண்ண முடியும், இன்னொரு பகுதியை மெஷின் ஓடும்போதே பண்ணி ரெடியா வச்சுக்கலாம். அடுத்த டையைக் கொண்டு வந்து பக்கத்துல நிறுத்தறது, ஸ்பேனர் எடுத்து வைக்கறது, உயரம் பாத்து வைக்கறது எல்லாம் ரெண்டாவது வகை. அப்படியிருக்க எல்லாத்தையும் மெஷினை நிறுத்திட்டுதான் பண்ணிட்டிருந்தாங்க. ஒரு போல்ட்டை 15 சுத்து சுத்தி இறுக்கறோம், ஆனா உண்மையில இறுகறது கடைசி சுத்துலதான், அப்ப மிச்ச 14 சுத்து எதுக்கு? இந்த மாதிரி யோசிச்சு யோசிச்சு, 1970 வாக்குல 1000 டன் பிரஸ் ஒண்ணுல 4 மணி நேர வேலையை முதல்ல ஒன்றரை மணி நேரம், அப்பறம் 3 நிமிஷத்துக்குக் கொண்டு வந்தாங்க.

இதனால என்ன ஆச்சுன்னா பாகங்களைக் குவிச்சு வைக்க வேண்டிய அவசியம் போச்சு. குவிச்சு வச்சா ஒரு ஆபத்து இருக்கு, தப்பான பாகம் ஆயிரம் அடிச்சு முடிச்சதுக்கப்பறம்தான் அது தப்புன்னே தெரியும். கொஞ்சமா அடிச்சா மாட்டும்போதே தெரிஞ்சுடும். அதோட லைன்ல நிக்கற யார் வேணும்னாலும் ஒரு கயிறை இழுத்து உதவி கேக்கலாம், சரியாகலைன்னா லைனே நிக்கும்னு ஒரு ஏற்பாடு, ஆண்டான்னு பேர். லைனை நிறுத்தறதுன்னா நேரம் வீண்னுதான் முதல்ல தோணும். ஆனா தப்பு அடுத்த ஸ்டேஷனுக்கு, அதாவது லைன்ல அடுத்த ஆள் நிக்கற இடத்துக்கு, போகாம அங்கயே செத்துடுது பாருங்க, அதுல மிச்சமாகற நேரம் ரொம்பப் பெருசு.

எவ்வளவு பெருசுன்னு 1980கள்ல அமெரிக்காவோட எம்ஐடி பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் உலகம் முழுக்க பிளான்ட் பிளான்ட்டா போய் அளந்தாங்க. அவங்க ஒரு நல்ல காரியம் பண்ணாங்க. கார் சைஸ், எந்தெந்த வேலை உள்ள நடக்குது எது வெளிய நடக்குதுன்னு எல்லாத்தையும் சமன் பண்ணிட்டுதான் ஒப்பிட்டாங்க. மாசசூசெட்ஸ்ல ஃப்ரேமிங்ஹாம்ல இருந்த ஜிஎம் பிளான்ட்ல ஒரு காரை அசெம்பிள் பண்ண 31 மணி நேர உழைப்பு, டொயோட்டாவோட டகாவோகா பிளான்ட்ல 16. அதிகமா நேரம் எடுத்தவங்க நிதானமா, தரமா செஞ்சிருப்பாங்கன்னு நெனைச்சா அதுவும் இல்ல. டகாவோகாவுல நூறு காருக்கு 45 அசெம்பிளி குறை, ஃப்ரேமிங்ஹாம்ல அதை மாதிரி மூணு மடங்கு வாக்குல. கைல இருந்த பாகங்களோட ஸ்டாக் டகாவோகாவுல 2 மணி நேரத்துக்கு, ஃப்ரேமிங்ஹாம்ல 2 வாரத்துக்கு.

1989 வாக்குல சராசரியா பாத்தா ஜப்பான்ல இருந்த ஜப்பான் பிளான்ட்கள்ல 16.8 மணி நேரம், வட அமெரிக்காவுல அமெரிக்கக் கம்பெனிகளுக்கு 25 வாக்குல, ஐரோப்பாவுல 36 வாக்குல. ஐரோப்பாவோட ஒரு சொகுசு கார் பிளான்ட்ல அவங்க பாத்தது எனக்கு மறக்கவே மறக்காது. லைன் முடியற இடத்துல வெள்ளைக் கோட் போட்ட கைதேர்ந்த ஆளுங்க பெரிய கூட்டமா நின்னு, வந்த காரையெல்லாம் சரிபண்ணிகிட்டிருந்தாங்க, மொத்த உழைப்புல மூணுல ஒரு பங்கு அதுக்கே போச்சு. கம்பெனி அதைக் கைவினைத் தரம்னு பெருமையா நெனைச்சுது. கணக்குப் போட்டுப் பாத்தா, அங்க குறையை சரி பண்ண செலவாகற நேரத்துக்குள்ள ஜப்பான்ல ஒரு முழு காரையே குறையில்லாம செஞ்சு முடிச்சிருந்தாங்க.

சரி, ஜப்பான்காரங்க பழக்கவழக்கம் வேற, அதனாலதான் முடிஞ்சுதுன்னு அப்ப நிறைய பேர் சொன்னாங்க. அந்த வாதத்தை உடைச்சது கலிபோர்னியாவுல ஃப்ரீமான்ட். ஜிஎம்மோட மோசமான பிளான்ட்கள்ல ஒண்ணு, தொழிலாளிகளுக்கும் நிர்வாகத்துக்கும் தீராத சண்டை, தினமும் ஆப்சென்ட், 1982ல மூடியே விட்டாங்க. 1984ல ஜிஎம்மும் டொயோட்டாவும் கூட்டு சேந்து நம்மின்னு பேர் வச்சு அதே கட்டடத்துல திறந்தாங்க, எடுத்த ஆளுங்கள்ல பெரும்பாலானவங்க அதே பழைய ஆளுங்க, அதே யூனியன். நிர்வாக முறை மட்டும் டொயோட்டாவோடது. ரெண்டு மூணு வருஷத்துல 19 மணி நேரம், குறையும் டகாவோகா அளவுக்கே 45. நான் இதை யார்கிட்ட சொன்னாலும் ரெண்டு தடவை சொல்லுவேன், அதே ஆளுங்க. ஆள் சரியில்லன்னு சொல்லிட்டிருந்தவங்க எல்லாரும் தப்பு.

இதே காலத்துல ஜிஎம் வேற ஒரு வழியும் பாத்துச்சு, பணத்தைக் கொட்டி ரோபோவா வாங்கினாங்க. டெட்ராய்ட்ல ஹாம்ட்ராமிக் பிளான்ட் 1985ல திறந்தப்ப பெயிண்ட் ரோபோக்கள் காரை விட்டுட்டு ஒண்ணு மேல ஒண்ணு பெயிண்ட் அடிச்சதா அப்ப பேப்பர்ல எல்லாம் வந்துச்சு. குழப்பமா இருக்கற வேலையை அப்படியே மெஷின்கிட்ட கொடுத்தா குழப்பம் வேகமா நடக்கும், அவ்வளவுதான். ஸ்வீடன்ல வோல்வோ நேர் எதிர் திசைல போச்சு, உட்டவல்லாங்கற இடத்துல லைனே வேணாம், ஒரு சின்ன டீமே முழு காரையும் கோர்க்கட்டும்னு 1989ல ஆரம்பிச்சாங்க. வேலை பாக்கறவங்களுக்கு அது நல்ல வேலை. ஆனா நேரத்துல போட்டிக்கு நிக்க முடியாதுன்னு விமர்சனம், விற்பனையும் சரிஞ்சு, 1993ல மூடிட்டாங்க. இன்னும் கொஞ்ச வருஷம் விட்டுப் பாத்திருக்கலாம்னு எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு.

அதுக்கப்பறம் ஒரு இருபது வருஷம் அமெரிக்கக் கம்பெனிகள் மெல்ல மெல்ல பாடம் படிச்சாங்க. வட அமெரிக்காவுல ஹார்பர் ரிப்போர்ட்னு ஒண்ணு வரும், ஒவ்வொரு பிளான்ட்லயும் ஒரு காருக்கு எத்தனை உழைப்பு மணி நேரம்னு ரேங்க் போடும், இன்ஜின், கியர்பாக்ஸ், பிரஸ் வேலை எல்லாம் சேத்த கணக்கு. 2007 வருஷத்துக்கான கணக்குல டொயோட்டா 30.37 மணி நேரம், அதே 30.37ல கிரைஸ்லரும் வந்து நின்னுச்சு. ஹோண்டா 31.33, ஜிஎம் 32.29, கடைசில ஃபோர்டு 33.88. முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் வித்தியாசம் வெறும் மூணரை மணி நேரம். ஒரு காலத்துல ரெட்டிப்பா இருந்த இடைவெளி இது.

ஆனா அடுத்து என்ன நடந்துச்சு? 2009ல கிரைஸ்லர் திவால், ஒரு மாசம் கழிச்சு ஜிஎம்மும். நேரத்துல டொயோட்டாவோட சமமா நின்ன கம்பெனி திவாலாச்சுன்னா, இந்தக் கடிகாரம் எல்லாத்தையும் காட்டறதில்லன்னுதானே அர்த்தம். யாருக்கும் வேணாத காரை 30 மணி நேரத்துல செஞ்சாலும் 20 மணி நேரத்துல செஞ்சாலும் ஷோரூம்லதான் நிக்கும். பென்ஷன் சுமை, கடன், எரிபொருள் விலை ஏறினப்ப கைல பெரிய வண்டிகள் மட்டும் இருந்ததுன்னு வேற காரணங்கள் நிறைய.

அதோட இந்த நம்பரை ஏமாத்தாமலே மாத்த முடியும். சீட்டை உள்ளயே தைச்சுகிட்டிருந்த கம்பெனி அதை வெளிய ஒரு சப்ளையர்கிட்ட கொடுத்துட்டா அந்த மணி நேரம் கணக்குலருந்து மாயமாகும், உலகத்துல யாரோ ஒருத்தர் அந்த சீட்டைத் தைச்சுகிட்டுதான் இருக்காங்க. விற்பனை படுத்து 800 கார் வந்த இடத்துல 500 வந்தா, ஆளுங்க அதே 2000 பேர், காருக்கு 20 மணி நேரம் 32 ஆயிடும், ஒருத்தரும் மெதுவா வேலை பாக்கல. அதனால ஒரு கம்பெனியோட நம்பர் திடீர்னு ஏறினா இறங்கினா, ஃபேக்டரிக்குள்ள பாக்கறதுக்கு முன்னாடி விற்பனையையும் சப்ளையர் லிஸ்டையும் பாக்கணும்.

இன்னொரு முக்கியமான விஷயம், ஆரம்பிக்கறவங்க அதிகமா கவனிக்காம விடறது. நேரம் ஃபேக்டரில மட்டும் முடிவாகறதில்ல, டிசைன் பண்றவர் மேஜையிலயே பாதி முடிவாயிடுது. 1980கள் கடைசில ஜிஎம் தன்னோட ஒரு பிளான்ட்டை ஃபோர்டோட அட்லாண்டா பிளான்ட்டோட ஒப்பிட்டுப் பாத்துச்சு, இடைவெளில 41 சதவீதத்துக்குக் காரணம் தொழிலாளியும் இல்ல, மேனேஜரும் இல்ல, காரோட டிசைன். ஃபோர்டு டாரஸோட முன் பம்பர்ல 10 பாகம், ஜிஎம்மோட போண்டியாக் கார்ல அதே பம்பர்ல 100 பாகம். நூறு பாகத்தை மாட்டறவர் எவ்வளவு திறமைசாலியா இருந்தாலும் பத்து மாட்டறவர்கிட்ட தோத்துதான் போவார்.

லைன்ல போய் நின்னு பாத்தா இது கண்ணுக்கே தெரியும். பெயிண்ட் ஷாப்லருந்து வந்த பாடில நிறைய பிளான்ட்ல முதல் வேலையே கதவுகளைக் கழட்டறதுதான், பெயிண்ட் அடிக்கும்போது கதவு இருந்தாகணும் கலர் ஒத்து வர்றதுக்கு, ஆனா உள்ள வேலை பாக்கறவருக்கு கதவு இடைஞ்சல், சுத்திப் போகணும், இடிச்சா கீறல். அதனால கழட்டி வேற லைன்ல அனுப்பி, கண்ணாடி, பூட்டு, ஸ்பீக்கர் எல்லாம் அங்க மாட்டி, கடைசில அதே கார் வர்ற நேரத்துக்கு அதே கதவு வந்து சேரும். டாஷ்போர்டும் வெளியவே முழுசா ரெடியாகி ஒரே துண்டா கதவு ஓட்டை வழியா உள்ள போகும். இப்படிப் பண்ணி ஒரு ஸ்டேஷனுக்கு 5 செகண்ட் மிச்சம் பண்ணா, 300 ஸ்டேஷன் இருக்கற லைன்ல ஒரு காருக்கு 1500 செகண்ட், அதாவது 25 நிமிஷம். இந்த வேலையில இருக்கறவங்க ஒரு ஸ்க்ரூ டப்பாவை ரெண்டடி கிட்ட நகர்த்தி வைக்கறதுக்கு மீட்டிங் போடறது ஏன்னு இப்பப் புரியும்.

இப்ப எலக்ட்ரிக் கார் வந்து, மூடின இடைவெளியைத் திரும்பத் திறந்துடுச்சு. நம்மி 2010ல மூடினதும் அந்த ஃப்ரீமான்ட் கட்டடத்தை வாங்கினது டெஸ்லா. ஆனா டெஸ்லாவும் முதல்ல பழைய ஜிஎம் பண்ணின அதே தப்பைத்தான் பண்ணுச்சு, மாடல் 3 காருக்கு எல்லாத்தையும் ரோபோ வச்சே பண்ணிடலாம்னு போய் மாட்டிகிட்டு, வாரத்துக்கு 5000 கார்ங்கற இலக்கைத் தொட முடியாம தவிச்சு, 2018 ஏப்ரல்ல ஈலான் மஸ்க்கே அதிகமா ஆட்டோமேஷன் பண்ணது தப்பு, அது தன்னோட தப்புன்னு வெளிப்படையா சொன்னார்.

அதுல ஒரு சின்ன சம்பவம். பேட்டரி பேக் மேல ஃபைபர்கிளாஸ் பஞ்சு மாதிரி ஒரு பாய் வரும், அதை எடுத்து வைக்க ஒரு ரோபோ. பஞ்சைப் பிடிக்க மெஷினால முடியல, நழுவுது, கோணலா வைக்குது, லைன் அங்கயே நின்னு நின்னு போகுது. ரோபோவை சரி பண்ணாங்க, வேகப்படுத்தப் பாத்தாங்க, ஒண்ணும் ஆகல. கடைசில இந்தப் பாய் எதுக்குன்னே கேட்டாங்க. பேட்டரி டீம்ல கேட்டா சத்தம் குறையறதுக்குன்னாங்க, சத்தம் பாக்கற டீம்ல கேட்டா தீப்பிடிச்சா பாதுகாப்புக்குன்னாங்க. பாயோட ஒரு காரும் பாயில்லாம ஒரு காரும் வச்சு மைக்ல பதிவு பண்ணிப் பாத்தா வித்தியாசமே தெரியல. பாயையே எடுத்துட்டாங்க. அந்த ஸ்டேஷனுக்கான நேரம் பூஜ்ஜியம். மேக்னெட்டோ லைனை 8 இன்ச் தூக்கின அதே யோசனையோட அடுத்த படி இது, வேலையை சுலபமாக்கறதுக்கு முன்னாடி அந்த வேலை வேணுமான்னே கேக்கறது.

அதுலருந்து வந்ததுதான் பெரிய வார்ப்பு, கிகா காஸ்டிங்னு சொல்றாங்க. மாடல் 3 பின்பக்க அடிப்பாகத்துல சுமார் 70 துண்டு, ஒவ்வொண்ணையும் அடிச்சு, பிடிச்சு, வெல்டிங் பண்ணணும். மாடல் ஒய்ல அதை உருக்கின அலுமினியத்தை பெரிய மெஷின்ல அழுத்தி ஒரே துண்டா வார்த்தாங்க. பம்பர்ல 100 பாகம் 10 ஆன கதைதான், அதைவிடப் பெரிய அளவுல. இடிபட்டா ரிப்பேர் பண்றது கஷ்டம்னு ஒரு கவலை இருக்கு, அது நியாயமான கவலைதான்.

2021 நவம்பர்ல வோக்ஸ்வேகன் தலைவரா இருந்த ஹெர்பர்ட் டீஸ், வோல்ஃப்ஸ்பர்க்ல தொழிலாளிகள் முன்னாடி நின்னு பேசினார். நம்ம ஸ்விக்கா பிளான்ட்ல ஒரு எலக்ட்ரிக் காருக்கு 30 மணி நேரத்துக்கு மேல ஆகுது, பெர்லின் பக்கத்துல க்ரூன்ஹைடேல வரப்போற டெஸ்லா பிளான்ட் 10 மணி நேரத்துல முடிக்கப் போகுது, நாம அடுத்த வருஷம் 20க்கு வரணும்னு. இதுதான் நான் முதல் பத்தில சொன்ன புலம்பல். அந்த 10 அன்னைக்கு ஒரு இலக்கு, பிளான்ட் திறந்ததே 2022 மார்ச்லதான், அதனால ரெண்டு நம்பரையும் அப்படியே தராசுல வைக்கக் கூடாது. ஆனா திசை சரிதான். டெஸ்லாவுல தேர்வு பண்ண கலரும் ஆப்ஷனும் கொஞ்சம்தான். வோக்ஸ்வேகன்ல ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஆயிரம் சேர்க்கை, ஒவ்வொண்ணும் லைன்ல ஒரு தனி டப்பா, ஒரு தனி நடை, எந்தக் காருக்கு எதுன்னு பாக்க ஒரு செகண்ட். கருப்பு கலர் மாடல் டியோட பழைய கணக்கு நூறு வருஷம் கழிச்சு வேற உருவத்துல வந்து நிக்குது. வோக்ஸ்வேகன் 10 மணி நேரத்துல கார் செய்ய ஒரு புது ஃபேக்டரியே கட்டறதா 2022ல அறிவிச்சாங்க, அப்பறம் அந்தத் திட்டத்தைக் கைவிட்டாங்க.

டொயோட்டா கொஞ்சம் லேட்டாதான் வார்ப்புக்கு வந்துச்சு. 2023ல அவங்க காட்டினதுல, ஒரு எலக்ட்ரிக் காரோட பின்பகுதில 86 பாகம், 33 படி வேலை, எல்லாம் ஒரே வார்ப்பா மாறியிருந்துச்சு. அதைவிட எனக்கு சந்தோஷமா இருந்தது வேற ஒண்ணு. இவ்வளவு பெரிய வார்ப்பு மெஷின்ல அச்சை மாத்தணும்னா கிரேன் வச்சுத் தூக்கி, பொதுவா ஒரு நாள் ஆகும், 1950கள்ல டை மாத்த ஆன அதே ஒரு நாள். டொயோட்டாக்காரங்க அச்சை ரெண்டா பிரிச்சு, தேயற பகுதி, வேற வேற பாகத்துக்கு மாத்த வேண்டிய பகுதி மட்டும் கழண்டு வர்ற மாதிரியும், மிச்சப் பகுதி மெஷின்லயே இருக்கற மாதிரியும் பண்ணியிருக்காங்க. மாத்தற நேரம் 20 நிமிஷம்.